அடித்துச் சுத்தம் செய்த விரிப்பு

ஐம்பதுகளில் ஆவூர்ப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் நான் வாத்தியார். அங்கே ஒரு தையல் டீச்சர் இருந்தார். ஒல்லி உடம்பு, சிரிக்காத வாய். கொக்கி ஊசியால் சாக்குத் துணியில் கம்பளி நூலை முடிச்சு முடிச்சாக இழுத்து விரிப்பு செய்வார். யாரிடம் பேசினாலும் அந்த ஊசியை நீட்டித்தான் பேசுவார்.

ஒரு சனிக்கிழமை. மறுநாள் மேற்றிராணியார், அதாவது பிஷப், மாதா கோயிலுக்கு வருகிறார். பீடத்தின் முன் போடவேண்டிய விரிப்பை டீச்சர் என்னிடம் தள்ளி, "ஒரே தூசி. அடிச்சு எடுத்துட்டு வாங்க" என்றார்.

அடிப்பது என்றால் துவைக்கிற கல்லில்தானே? குளத்துக்குப் போய் நாலு சாத்து சாத்தினேன். முடிச்செல்லாம் கழன்று நடுவில் வழுக்கை விழுந்துவிட்டது. பள்ளிக்கூடமும் பங்குச்சாமியார் கையில்தான்; அவர் பார்த்தால் வேலை போய்விடும். மாதாவில் ஆரம்பித்து, பக்கத்து ஊர் அய்யனார் வரைக்கும் வேண்டிக்கொண்டே திரும்பினேன்.

"கொடியில போட்டுக் குச்சியால அடிக்கச் சொன்னேன், வாத்தியாரே! பிள்ளைகளையும் இப்பிடித்தான் அடிக்கிறீங்களா?"

சத்தம் கேட்டுச் சாமியாரே வந்துவிட்டார். "யார் பண்ணின வேலை இது?"

நான் தூணோடு ஒட்டிக்கொண்டேன். டீச்சர் என்னையே முறைத்தபடி, "எலிங்க, சாமி" என்றார்.

அதற்கப்புறம் டீச்சர் என்னோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நன்றி சொல்லியிருக்க வேண்டுமா, சண்டைக்குப் போயிருக்க வேண்டுமா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.