வராதவள் எடுத்த பேட்டி

பல்கலைக்கழகத்தில் நான் தமிழ் கற்பிக்கிறேன். மாணவர்களின் கட்டுரைகளை இப்போதெல்லாம் சாட்பாட் எழுதித் தருகிறது. நான் அதற்கு மதிப்பெண் போடுகிறேன். சம்பளம் மட்டும் இன்னும் எனக்குத்தான் வருகிறது.

போன பருவத்தில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டதாகத் துள்ளிக்கொண்டிருந்தேன். வீட்டில் உட்கார்ந்து எழுதும் கட்டுரையே வேண்டாம். ஆளுக்கொருவரை லிட்டில் இந்தியாவில் நேரில் சந்தித்து, உட்கார்ந்து பேசி, பேட்டியாக எழுதி வாருங்கள் என்றேன். எந்தச் சாட்பாட் தேக்கா சந்தை வரை நடந்துபோகும் என்று சக ஆசிரியர்களிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

ஆள் கிடைக்கவில்லை என்று வந்து நின்ற ஒரு மாணவியை என் அண்ணனிடம் அனுப்பினேன். அவர் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் கார்கோ கடை வைத்திருக்கிறார். பூன் லே பக்கத்து விடுதிகளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் தொழிலாளர்கள் போர்வை, பால் மாவு, சோப்பு என்று ஊருக்கு அனுப்புவதையெல்லாம் அங்கேதான் பெட்டி கட்டுவார்கள். அண்ணன் அதிகம் பேசுகிறவர் அல்ல. மாணவி வருகிறாள் என்றதும், "அந்தப் பெட்டியப் பத்திச் சொல்லலாம்னு இருக்கேன்," என்றார்.

எந்தப் பெட்டி என்று எனக்குத் தெரியும். வேலையிடத்தில் இறந்துபோன ஓர் இளைஞனின் பொருள்களை அவனுடைய அறைத் தோழர்கள் கொண்டுவந்து கொடுக்க, அண்ணன் தன் கையால் கட்டி அனுப்பிய பெட்டி. அதற்குப் பிறகு வெகுநாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அண்ணி சொல்லியிருக்கிறார். அன்று என்ன நடந்தது என்று வீட்டில் யாரிடமும் அவர் வாய் திறந்ததில்லை. எங்களிடம் சொல்ல முடியாததை முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் சொல்லத் துணிந்திருந்தார். எனக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

புதன்கிழமை மதியம் கடையைப் பாதி மூடிவிட்டு, அவள் சாப்பிடக் கறிபாப் வாங்கிவைத்துக் காத்திருந்தார். அவள் வரவில்லை. "பஸ்ஸு லேட்டா இருக்கும் லா," என்று என்னிடம் போனில் சொன்னார். அடுத்த வாரமும் காத்திருந்தார். அப்போதும் அவள் வரவில்லை.

கட்டுரை மட்டும் குறித்த நாளில் வந்துவிட்டது. 'ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கனவு பயணிக்கிறது' என்று அண்ணன் கண்கலங்கச் சொன்னாராம். அவை வெறும் அட்டைப்பெட்டிகள் அல்லவாம், அன்பின் பாலங்களாம். நீங்கள் இப்படியா பேசினீர்கள் என்று கேட்டு அதை அண்ணனுக்கே அனுப்பினேன். இரண்டாவதாகத் திருத்திய ஆசிரியரோ 'மனிதநேயம் ததும்புகிறது' என்று எழுதி, மதிப்பெண்ணை வாரி வழங்கியிருந்தார்.

துறைத் தலைவரிடம் புகார் கொடுத்தேன். கடைக்காரர் என் அண்ணன் என்பதையும் மறைக்கவில்லை. "சாட்பாட் எழுதுனதுன்னு டிடெக்டர் சொல்றத எவிடென்ஸா எடுத்துக்க முடியாது. உங்க அண்ணனே சொல்லட்டும்," என்று துறைத் தலைவர் என் அண்ணனை அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தார். எதிரே மாணவி கண் சிவக்க உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கொஞ்சம்கூடப் பாவமாக இல்லை.

"சார், இந்த ஸ்டூடண்ட் உங்கள வந்து பார்த்தாங்களா?"

போனில் பெட்டிக்கு டேப் இழுக்கும் சத்தம் கேட்டது.

"வந்துச்சு சார். நல்ல புள்ள. ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்துச்சு."

மாணவியே வாயைப் பிளந்துவிட்டாள். ஆனால் என்னைவிடச் சீக்கிரம் சமாளித்துக்கொண்டாள். வெளியே வந்ததும், "தேங்க்ஸ் மேடம்," என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குப் போனாள். எதற்கு நன்றி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்குப் போனேன், சண்டை போடத்தான்.

"எதுக்குண்ணே பொய் சொன்னீங்க? என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டீங்களே!"

"படிக்கிற புள்ள லா. என் ஒரு வார்த்தையில அது படிப்பு போகணுமா?"

"நீங்க ரெண்டு வாரம் காத்துக்கிட்டு கெடந்தது?"

"நீ அனுப்புனத படிச்சேன். நல்லாத்தான் இருக்கு. எனக்கு அவ்ளோ அழகா பேச வராது."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. மனதார நம்பித்தான் சொன்னார். மாணவி செய்ததைவிட எனக்கு அதுதான் வலித்தது. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"அந்தப் பெட்டியப் பத்தி என்கிட்ட சொல்லுங்கண்ணே. நான் கேக்குறேன்."

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த பெட்டியைத் திருப்பி, மறுபக்கம் டேப் ஒட்டினார்.

"அதான் மார்க்கும் போட்டாச்சே, இனிமே எதுக்கு? வேணும்னா அதுகிட்டயே கேளு. என்னைவிட நல்லாச் சொல்லும்."