கேட்காமல் மிச்சம் வைத்த ஐம்பத்திரண்டு

போன வருஷம் பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு லூர்துபிரகாஷ் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் கூப்பிட்டிருக்கவில்லை. பல வருஷங்களாக எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு என்ன வந்தாலும் பார்ப்பவர் அவர்தான். ஆனால் கூப்பிட்டாலே மூன்று நாள் கழித்து வருகிற ஆள். அன்று ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "சார், உங்க சிஸ்டத்த ஒரு அஞ்சு நிமிஷம் பாத்துக்கவா?" என்றார்.

உட்கார்ந்து எதையோ திறந்து, அதற்குள் இன்னொன்றைத் திறந்து, ஒரு பட்டியலில் போய் நின்றார். அதில் ஒரே ஒரு வரி இருந்தது. அதை அழித்தார். அழித்த பிறகும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நான் பண்ணது சார். வைரஸ் பாக்குற வேல கம்ப்யூட்டருக்குள்ளயே இருக்குது. ஆனா இந்த டிஸ்க்க மட்டும் பாக்காதன்னு நான்தான் சொல்லி வச்சிருந்தேன். நாலு வருஷமா பாதிக் கண்ண மூடிக்கினு இருந்திருக்குது. உங்க வீடு ஏழாவது."

எதற்கு ஏழாவது என்று அன்று அவர் சொல்லவில்லை. அடுத்த இரண்டு மூன்று சந்திப்புகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

லூர்துபிரகாஷுக்கு நாற்பத்தாறு வயது. வீடு நெல்லித்தோப்பில். கடை கிடையாது, ஒரு தோள்பையும் பைக்கும்தான் கடை. இருபத்தைந்து வயதில் இந்தத் தொழிலுக்கு வந்தபோது, போகிற வீட்டிலெல்லாம் வருஷத்துக்கு ஒரு ஆண்டிவைரஸ் விற்றிருக்கிறார். பிறகு கம்ப்யூட்டரோடு சேர்ந்தே பாதுகாப்பு வர ஆரம்பித்ததும், தனியாக வாங்க வேண்டாம் என்று அவரே சொல்லத் தொடங்கினார். தேவையில்லாததைத் தலையில் கட்டாத மனுஷன் என்று ஊரில் பெயர் வந்தது. அந்தப் பெயர் அவருக்குப் பிடித்திருந்தது.

அந்தப் பெயரைக் கேட்டுத்தான் கருவடிக்குப்பத்திலிருந்து பிரகாசம் என்பவர் சொல்லி அனுப்பினார். பிரகாசத்துக்கு அப்போது அறுபத்தைந்து வயது. வேலை பார்த்த மில் மூடிய பிறகு ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு அறிவிப்புச் செய்தவர். மின்தடை, கோயில் தேர், தண்ணீர் வராத நாள், துக்கச் செய்தி எல்லாம் அந்த வட்டாரத்தில் அவர் குரலில்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் வேத வாசகம் படிப்பதும் அவர்தான். அந்தத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தைய மூன்று வாரமும் அவர் மாடி அறையில் உட்கார்ந்து, போனில் தன் குரலைப் பதிந்துகொண்டே இருந்தார். எண்பத்து மூன்று பதிவுகள். ஒவ்வொன்றுக்கும் தானே ஒரு பெயர் வைத்தார். மனைவி சகாயசெல்வியோ, பிரான்சில் வேலை பார்க்கும் ஒரே மகள் ஜாஸ்லினோ, தான் போன பிறகுதான் அவற்றைக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். மகளுக்குக்கூட ஒன்றையும் அனுப்பவில்லை.

லூர்துபிரகாஷ் அந்த வீட்டுக்குப் போனது ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் கழித்து. வேலை சின்ன வேலை: பதிவுகளைப் போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்ற வேண்டும், பின்னால் கேட்கும் மின்விசிறி இரைச்சலைக் குறைக்க வேண்டும். சகாயசெல்வி காபி வைத்துவிட்டுப் போனதும் பிரகாசம் கதவைச் சாத்தினார். பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"ஸ்பீக்கர்ல அவரு பேசறாரு. பக்கத்துல அவரு சும்மா உக்காந்துகினு இருக்காரு. கழுத்துல துணி கட்டியிருந்துது. அந்த மத்தியானத்த என்னால மறக்க முடியல சார்," என்றார் என்னிடம்.

இரைச்சலைக் குறைக்க அவர் கொண்டுபோனது ஒரு சாஃப்ட்வேரின் திருட்டுக் காப்பி. போடப் போட, கம்ப்யூட்டரின் பாதுகாப்பு அதை வைரஸ் என்று பிடித்து அழித்துக்கொண்டே இருந்தது. மூன்று முறை பார்த்தார். பிறகு, பதிவுகள் இருக்கும் அந்த டிஸ்க் முழுவதையும் பார்க்காமல் விட்டுவிடு என்று பட்டியலில் ஒரு வரி சேர்த்தார். சர்வீஸ் ஆட்கள் தினமும் செய்கிற காரியம்தான். வேலை முடிந்ததும் அந்த வரியை எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்துவிட்டார். போனில் இடம் இல்லையே என்று அதிலிருந்தவற்றையும் துடைத்துக் கொடுத்தார்.

கிளம்பும்போது பிரகாசம் ஒரு நோட்டில் எழுதிக் காட்டினார்: ஆண்டிவைரஸ் ஏதாவது வாங்கணுமா?

"வேணாம் சார். அதுலயே இருக்குது. வீட்டுக்கு அது போதும்," என்றார் லூர்துபிரகாஷ்.

நீ சொன்னா சரி, என்று எழுதினார் பிரகாசம்.

பதினான்கு மாதம் குரல் இல்லாமல் வாழ்ந்து, ஒரு ஈஸ்டருக்கு அடுத்த வாரம் அவர் இறந்தார். அவருடைய சாவுச் செய்தியை வேறு யாரோ ஆட்டோவில் சொல்லிக்கொண்டு போனார்கள்.

சகாயசெல்வி பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் எண்ணிச் செய்கிறவர். எண்பத்து மூன்றையும் மொத்தமாகக் கேட்டுவிட்டால் பிறகு என்ன இருக்கும் என்று யோசித்தார். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டார். கோயிலிலிருந்து வந்து, புடவைகூட மாற்றாமல், ஒன்றே ஒன்று கேட்பார். முப்பத்தோரு ஞாயிறு அப்படிப் போனது.

டிசம்பரில் ஜாஸ்லின் கிறிஸ்துமஸ் பார்சல் ஒன்று அனுப்பியிருந்தாள். பார்சல் கம்பெனி அனுப்பியது போல ஒரு மெயில் வந்தது. கூட ஒரு ஃபைல். சகாயசெல்வி அதை இறக்கித் திறந்தார். மெயிலில் வருவதெல்லாம், பதிவுகள் இருந்த அதே டிஸ்க்கில்தான் இறங்கும்படி லூர்துபிரகாஷ் வைத்திருந்தார். பாதுகாப்பு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை லூர்துபிரகாஷுக்குப் போன் வந்தது.

"தம்பி, கம்ப்யூட்டர்ல யாரோ லெட்டர் எழுதி வச்சிட்டுப் போயிருக்காங்க. இங்கிலீஷ்ல இருக்குது. இவரு ஃபைலு ஒண்ணும் தொறக்க மாட்டேங்குது."

அவர் போய்ப் பார்த்தபோது எண்பத்து மூன்று பெயர்களும் அப்படியே வரிசையாக இருந்தன. மழை நாள். ஜாஸ்லின் கல்யாணத்துக்கு. செல்விக்குக் கோவம் வந்தா. ஆனால் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஏழெட்டு எழுத்தில் அர்த்தமில்லாத ஒரு வால் ஒட்டியிருந்தது. கடிதத்தில், எல்லாவற்றையும் பூட்டியாகிவிட்டது, சாவி வேண்டுமானால் பணம் அனுப்பு, மூன்று நாள் கெடு என்று இருந்தது. பணம் கட்டினாலும் சாவி வரும் என்ற நிச்சயம் இல்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள்.

"தம்பி, அவரு பேசனது அழிஞ்சிடுச்சா?"

"அழியல டீச்சர். உள்ளதான் இருக்குது. பூட்டியிருக்குது. யாராலும் தொறக்க முடியாது."

அழிந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்று இன்றைக்கும் யோசிப்பதாக என்னிடம் சொன்னார். அந்த அம்மாள் கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் கையை வைத்து, "இதுக்குள்ளயே இருக்காரா," என்று கேட்டாராம்.

அன்றே லூர்துபிரகாஷ் அந்தப் பட்டியலையும் திறந்து பார்த்தார். தான் சேர்த்த வரி அங்கே இருந்தது. சகாயசெல்வி பின்னால் நின்றபடி, "நான்தான் பாக்காம தொறந்துட்டேன். படிச்சவதான நானு. என் புத்தி எங்க போச்சி," என்று சொல்லிக்கொண்டிருந்தார். இவர் வாயைத் திறக்கவில்லை.

ஒரு மாதத்துக்கு மேல் திறக்கவில்லை. அத்தனை நாளும் பிரகாசம் அவரை விடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஒருநாள் மத்தியானம் காலாப்பட்டுக்குப் போகிற வழியில் மைக் கட்டிய ஆட்டோ ஒன்று எதிரே வந்தது. "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்ததும் பைக்கை ஓரம் கட்டிவிட்டார். அந்த ஆட்டோ தாண்டிப் போகும்வரை கிளம்பவில்லை. அது வேறு யாரோ ஒருவருடைய குரல்தான். இன்னொரு நாள் ஒரு வாடிக்கையாளர் வீட்டில் ஸ்பீக்கரைச் சோதிக்கும்போது, சத்தம் வருவதற்கு முன்னாலேயே அவருக்குப் பிரகாசத்தின் செருமல் கேட்டது. ஸ்பீக்கரைப் பிடுங்கிவிட்டார். அந்த வீட்டுக்காரர் என்னவோ ஷாக் அடித்துவிட்டது என்று நினைத்தாராம்.

ஜனவரி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கருவடிக்குப்பம் போனார். சகாயசெல்வி கோயிலிலிருந்து வந்து கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். முப்பத்திரண்டாவது பெயரை அழுத்துவார். திறக்க முடியவில்லை என்று ஒரு சின்னக் கட்டம் வரும். அதை மூடிவிட்டு எழுந்துகொள்வார். பூட்டு விழுந்ததிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் இதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

"டீச்சர், நீங்க அந்த மெயில தொறந்தது தப்பில்ல. அத புடிக்க வேண்டியத நான் கட்டிப் போட்டுட்டுப் போயிட்டேன்," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். அன்றைக்குத் தன் பையில் ஒரு பென்டிரைவ் காலியாக இருந்ததையும், ஒரு காப்பி எடுத்துக் கொடுக்கத் தோன்றவில்லை என்பதையும்கூடச் சொன்னார்.

சகாயசெல்வி கம்ப்யூட்டரை அணைத்தார். பிறகு, "அவரு உன்ன கேட்டாரே, எழுதிக் கேட்டாரே," என்றார்.

"கேட்டாரு டீச்சர்."

"இத்தினி நாளா நான் என்னையே திட்டிக்கினு கெடந்தேன். நீ தெரிஞ்சிகினே பாத்துக்கினு இருந்திருக்க. எழுந்து போ தம்பி."

அங்கிருந்து வந்த மறுநாள்தான் மற்ற வீடுகளுக்குக் கிளம்பினார். போனில் இருந்த பெயர்களை வரிசையாக எடுத்துக்கொண்டு, கூப்பிடாமலே போய் நின்றார். பதினெட்டு வீடுகளில் அந்த வரி இருந்தது. எல்லா வீட்டிலும் தான் செய்ததைச் சொல்லிவிட்டுத்தான் அழித்தார். நாலைந்து பேர் அதோடு அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். ஆண்டிவைரஸ் வேண்டுமா என்று கேட்டவர்களுக்கு, "இருக்கறத யாரும் அணைக்காம பாத்துக்குங்க. முக்கியமானத ரெண்டு காப்பி எடுத்து, ஒண்ண ஒயரக் கழட்டி பீரோல வைங்க," என்றார். முன்பு அதைச் சொல்லும்போது இருந்த தெம்பு குரலில் இல்லை.

ஈஸ்டர் முடிந்த வாரம் சகாயசெல்வியிடமிருந்து போன் வந்தது. "கொஞ்சம் வந்துட்டுப் போ."

போனார். அவருக்கு நாற்காலி போட்டுவிட்டு, எதிரில் உட்கார்ந்து அந்த அம்மாள் கேட்டார்: "நீ அன்னிக்கி இரைச்சல் எடுக்கும்போது ஒவ்வொண்ணையும் போட்டுக் கேட்ட இல்ல?"

"முழுசா இல்ல டீச்சர். முதல் பத்து செகண்டு. சத்தம் சரியா இருக்குதான்னு பாக்க."

"எண்பத்தி மூணுமா?"

"எண்பத்தி மூணும்."

"நான் கேக்காத அம்பத்தி ரெண்ட கேட்டவன் நீ ஒருத்தன்தான். சொல்லு."

இத்தனை நாளும் தன்னைத் துரத்திய குரலை இப்போது லூர்துபிரகாஷே தேடிப்போய்க் கூப்பிட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டார். நிச்சயமாக மூன்றுதான் ஞாபகம் வந்தது.

மழை நாள்: "செல்வி, கொடியில துணியப் பாத்தியா?" என்று ஆரம்பம், உடனே ஒரு சிரிப்பு. கரண்டு போனா: ஆட்டோவில் சொல்கிற அதே குரலில், "கருவடிக்குப்பம் வாழ் சகாயசெல்வி அவர்களுக்கு ஓர் முக்கிய அறிவிப்பு."

மூன்றாவதைச் சொல்லத் தயங்கினார். "செல்விக்குக் கோவம் வந்தா. அதுல பேச்சே இல்ல டீச்சர். மூச்சு விடற சத்தம், ஃபேன் சத்தம் அவ்ளோதான். காலி ஃபைல்னு அழிக்கப் போனேன். சார் கையப் புடிச்சிக்கினாரு."

சகாயசெல்வி முகத்தை மூடிக்கொண்டார். "ஆமா," என்றார். "நான் கோவமா இருந்தா பேசவே மாட்டாரு. பக்கத்துல வந்து உக்காந்துக்குவாரு. நான் முதல்ல பேசற வரிக்கும்."

அதற்குப் பிறகு மற்றவை நேரம் காலம் இல்லாமல் வர ஆரம்பித்தன. மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது ஒன்று. கோரிமேடு சிக்னலில் நிற்கும்போது ஒன்று. வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு அந்த அம்மாளுக்குப் போன் செய்வார். நிஜமா, மனசு கட்டிவிட்டதா என்று சந்தேகம் வந்தால் சொல்ல மாட்டார். சந்தேகமானவை அவருக்குள்ளேயே தங்கிவிட்டன. "அதுங்கதான் சார் ஜாஸ்தி பேசுது," என்றார் என்னிடம். இதுவரை பதினொன்று சொல்லியிருக்கிறார்.

கடந்த கிறிஸ்துமஸுக்கு ஜாஸ்லின் வந்தாள். மே மாதம் அவளுக்குக் கல்யாணம். லூர்துபிரகாஷை வீட்டுக்கு வரச்சொல்லி, சுற்றிவளைக்காமல் கேட்டாள்.

"அங்கிள், என் கல்யாணத்துக்குன்னு ஒண்ணு இருக்கே. அதுல அப்பா எப்டி ஆரம்பிச்சாரு?"

அவருக்கு அது ஞாபகம் இல்லை. அந்த ஒன்றைத்தான் மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தார். நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிடலாம். அந்தக் குரல் அவருக்கு அவ்வளவு பழகிவிட்டது, அதே போலப் பேசிக் காட்டவும் முடியும். இந்த உலகத்தில் யாராலும் அதைப் பொய் என்று நிரூபிக்க முடியாது. சகாயசெல்வி சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"ஞாபகம் வரலம்மா," என்றார் லூர்துபிரகாஷ்.

ஜாஸ்லின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, தான் வாங்கி வந்திருந்த சின்ன ஹார்டு டிஸ்க்கை எடுத்து மேஜையில் வைத்தாள். "பூட்டியிருந்தா பரவால்ல. இதுல அப்டியே போட்டுக் குடுங்க. என்னிக்காவது சாவி கெடச்சா தொறக்கலாம் இல்ல?"

"கெடைக்கலாம்மா. சில சமயம் போலீஸ் அவனுங்களப் புடிச்சா சாவிய வெளியில போடுவாங்க. நான் மாசா மாசம் பாத்துக்கினுதான் இருக்கேன்."

அந்தப் பழைய கம்ப்யூட்டரில் எண்பத்து மூன்றும் நகர நாற்பது நிமிஷம் ஆனது. மூன்று பேரும் திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாகப் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முடிந்ததும் ஜாஸ்லின் அதை ஒரு கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் வைத்தாள். ஜிப்பை மூடப் போனவள் நிறுத்திக் கேட்டாள்.

"ஏர்போர்ட்ல எக்ஸ்ரேக்குள்ள போனா இதுக்கு ஒண்ணும் ஆவாதே அங்கிள்?"

"ஆவாதும்மா. தைரியமா எடுத்துக்கினு போ."