முருகன் அட்டைக்குள் ஒரு மைனர்

வெள்ளிக்கிழமை காலை, கலிபோர்னியாவின் மில்பிடாஸில் நாங்கள் கேட்டரிங் நடத்தும் கிச்சனில் சமோசா மடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. லலிதா ஆன்ட்டி தூக்கத்திலேயே போய்விட்டார்களாம். என் வாயில் முதலில் வந்தது, “ஐயையோ, கதை பாதியில நிக்குதே!” அழுகை அப்புறம்தான்.

கோயில்காரர்களே, உங்களுக்குத் தெரிந்த ஆன்ட்டி, கோயிலில் கடைசி வரிசையில், முருகன் படம் போட்ட அட்டைக்குள் முகம் புதைத்திருந்த அம்மா. இன்னொரு கரண்டி பாயசம்கூட வாய் திறந்து கேட்கமாட்டார்கள். “எவ்ளோ பக்தி பாருங்க!” என்று நீங்களே மெச்சினீர்கள். இன்று போட்டு உடைக்கிறேன். அது லைப்ரரியில் எடுத்த இங்கிலீஷ் காதல் கதை. அட்டையில் சட்டைப் பொத்தான் போடாத ஒரு பிரபு. அவனை மறைக்கத்தான் பழைய காலண்டர் முருகன்.

வெள்ளிதோறும் எங்களோடு சமோசா மடிக்க வருவார்கள். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. வாரம் ஒரு அத்தியாயம் தமிழில் சொல்வார்கள். இருநூறு வருஷத்துக்கு முந்திய லண்டன். கூச்சத்தில் தூணுக்குப் பின்னால் ஒளியும் பெண் ஒருத்தி, ஊர் மேயும் மைனர் ஒருவன். எல்லாப் புத்தகத்திலும் இதே கதைதான். ஆனால் அந்தப் பெண்ணின் வாய் இருக்கிறதே! கடைசிக் கதையில் மைனரைப் பார்த்து, “குதிரைக்கு லாடம் அடிச்சிட்டீங்க, ஊர் சுத்துற உங்க காலுக்கு எப்போ?” என்று கேட்டாள். நாங்கள் சிரித்ததில் மசாலா தரையெல்லாம் சிந்தியது.

“அங்கிளும் மைனரா ஆன்ட்டி?” என்று சீண்டுவேன். காது சிவந்துவிடும். “அவர் லிஸ்ட் இல்லாம கடைக்குக்கூடப் போனதில்லடி.”

ஆன்ட்டி கடைசியாக வந்த வெள்ளியன்று மைனர் மண்டியிட்டு, “என்னைக் கட்டிக்கிறியா?” என்று கேட்டுவிட்டான். “அவ என்ன சொன்னா?” என்று கத்தினோம். ஆன்ட்டி நிதானமாகக் கை கழுவினார்கள். “வெள்ளிக்கிழமை வரட்டும், சொல்றேன்.”

துக்க வீட்டில் அவர் மகன், “அம்மாவோட சாமி புக். நீங்களே வச்சுக்கோங்க அக்கா” என்று அதை நீட்டினார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். பார்த்தவர்கள் அழுகை என்று நினைத்தார்கள்.

காரிலேயே என் மகளைக் கடைசிப் பக்கம் படிக்கச் சொன்னேன்.

“ஷீ ஜஸ்ட் செட் யெஸ், அம்மா.”

“அவ்ளோதானா? லாடம் எங்கடி?”

“வாட் லாடம்?”

முழுக்கப் புரட்டிப் பார்த்தாள். லாடமும் இல்லை, வாயும் இல்லை. அந்தப் பெண் தலையைக் குனிந்தபடியே கல்யாணம் வரை போய்விடுகிறாள். அப்படியானால் இத்தனை வருஷம் மைனர்களை வறுத்தெடுத்தது யார்? நம் கடைசி வரிசை அம்மாதான்!

புத்தகத்தை லைப்ரரியில் கொடுத்துவிட்டேன். முருகனை வைத்துக்கொண்டேன். ஆன்ட்டியின் வாயையும்தான்.

நேற்று கிச்சனில் எல்லோரும் சூழ்ந்துகொண்டு, “கடைசியில அவ என்னதான் சொன்னா?” என்று கேட்டார்கள். சும்மா ‘சரி’ என்றாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சமோசாவின் ஓரத்தை அழுத்தி ஒட்டினேன்.

“மைனரை மேலயும் கீழயும் பாத்தா. ‘வெள்ளிக்கிழமை வரட்டும், சொல்றேன்’னுட்டா.”