காய்ச்சல்காரன் ரொட்டி

கண்ணைக் கட்டிவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றிய நேரத்தில், கையிலிருந்த வரிக்கியின் முக்கால் பாகம் ஒடிந்து காப்பிக்குள் விழுந்துவிட்டது. அதை எடுக்கக்கூட நான் முயலவில்லை. யோசனை அவ்வளவு நன்றாக இருந்தது.

புதுக்கோட்டையில், கீழராஜ வீதிக் காப்பி கிளப்பின் மூலை மேசை எங்களுடையது. காலேஜ் விட்டதும் நாலு பேரும் அங்கே வந்துவிடுவோம். ஒரு மாதமாக அந்த மேசையில் ஒரே வழக்குத்தான் நடந்துகொண்டிருந்தது: சூடான காப்பிக்கு எந்த பிஸ்கட் துணை? யுத்தத்தைப் பற்றியும் பேசியிருக்கலாம். மற்ற மேசைகளில் எல்லாரும் அதைத்தான் பேசினார்கள். அதனாலேயே எங்களுக்கு அது சலித்துவிட்டது. முட்டை சேர்ந்த சரக்கு என்று கிளப் முதலாளி பிஸ்கட்டைக் கடைக்குள் விடமாட்டார். எதிர்சாரியில் இருந்த ராவுத்தர் ரொட்டிக் கடையில் வாங்கி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, மேசைக்கு அடியில் வைத்துத் தின்போம். அவர் பார்க்காதவர்போல இருப்பார்.

நான் வரிக்கிக் கட்சி. வரிக்கியைக் காப்பியில் எத்தனை நேரம் வைக்கலாம், எந்தப் பக்கம் பிடிக்கலாம் என்றெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருந்தேன். ஜவுளிக் கடைக்காரர் மகன் நெய் பிஸ்கட் கட்சி. நனைத்துத் தின்கிறவன் பல் போன கிழவன் என்பது அவன் வாதம். மூன்றாமவன் திருச்சிக்காரன். அவனுடைய சித்தப்பா அங்கே ஒரு துரை பங்களாவில் பட்லர். தகர டப்பாவில் வரும் சீமை பிஸ்கட்டைத் தவிர மற்றதெல்லாம் களிமண் என்பான்.

நாலாமவன் கந்தர்வகோட்டைக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தான். வானம் பார்த்த பூமி, குடியானவர் வீடு. ஊரிலேயே முதல்முதலாக காலேஜுக்கு வந்தவன். இங்கே தூரத்து உறவு அத்தை வீட்டில் தங்கியிருந்தான். அங்கே சோற்றுக்கு மேல் பேச்சு கிடையாது. வகுப்பில் அவனோடு பேசுவார் இல்லை. "இந்த ஊர்ல நான் வாயத் தொறக்குற எடம் இந்த மேசை ஒண்ணுதாண்டா" என்று ஒருநாள் என்னிடம் சொன்னான். சொல்லிவிட்டு வெட்கப்பட்டுத் தம்ளரைத் துடைத்தான்.

அவன் கட்சி ஆரோரூட் பிஸ்கட். அதுவும் காப்பியில் அல்ல, வெந்நீரில். நாங்கள் சிரித்தோம். அவன் விடவில்லை. அவர்கள் ஊரில் பிஸ்கட்டும் ரொட்டியும் காய்ச்சல்காரர்களுக்கு மட்டும்தான். நல்ல உடம்புக்காரன் யாரும் அதைத் தொடமாட்டான். பொட்டலத்தோடு பஸ்ஸில் ஏறினால், பக்கத்தில் இருப்பவர் பரிவோடு "வீட்டுல யாருக்கு முடியல?" என்று கேட்பாராம். இருபது நாள் பட்டினி கிடந்த நாக்கில் வெந்நீரில் ஊறிய ஆரோரூட் கரைவதைப் போல ஒரு ருசி உலகத்தில் இல்லை, சும்மா வயிற்றோடு தின்கிற நீங்கள் எல்லாம் பிஸ்கட்டுக்கு மார்க் போடலாமா என்று கேட்டான். பக்கத்து மேசை வக்கீல் குமாஸ்தா செய்தித்தாளை இறக்கி வைத்துவிட்டு, "பையன் பேசுறது ஞாயந்தானே" என்றார்.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வாதத்தை ஆரம்பித்தவன் நான், நோட்டு வைத்திருப்பவன் நான், ஜெயிப்பவன் அவனா? வரிக்கி காப்பியில் விழுந்தது அப்போதுதான்.

யோசனையை அவர்கள் முன் வைத்தேன். நாக்குக்கு உண்மையிலேயே ருசி தெரியுமா என்று பார்ப்போம். ஒவ்வொருவராகக் கண்ணைக் கட்டி நாலு பிஸ்கட் கொடுப்பது, தின்று பெயர் சொல்வது, ஒன்று தவறினாலும் மேசையை விட்டு எழுந்துவிடுவது. காலேஜ் வருஷப் பரீட்சை முடியும்வரை திரும்பி வரக்கூடாது. அந்த விதியைச் சேர்த்ததும் நான்தான். அவன் முகம் சற்றுச் சுருங்கியது. மற்ற இருவருக்கும் வேறு மேசைகள் இருந்தன. அவனுக்கு இல்லை. அது எனக்குத் தெரியும். சரி என்று அவன் தலையாட்டினான், மாட்டேன் என்றாலும் எழுந்துபோகத்தான் வேண்டியிருக்கும் என்பதால்.

அன்று மாலை அவனோடு பல்லவன்குளக்கரை வழியாக நடந்தேன். ஆரோரூட் கதையின் மீதியை அப்போது சொன்னான். எட்டு வயதில் அவனுக்கும் தங்கைக்கும் ஒரே சமயத்தில் விஷக்காய்ச்சல். அய்யா தஞ்சாவூர் போய் ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். ஆளுக்குப் பாதி என்று ஆத்தா பிரித்து வைத்தாள். தங்கை இரண்டு நாளில் போய்விட்டாள். அவளுடைய பாதியையும் இவனே தின்றான். "ருசியாத்தாண்டா இருந்துச்சு" என்றான். இதைக் கேட்ட பிறகுதான் நான் அடுத்த காரியத்தைச் செய்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுத எனக்கு வழியில்லை.

திருச்சிக்காரனுடைய சித்தப்பா வீட்டில் ஒரு டப்பா இருந்தது. துரை ஊருக்குப் போகும்போது விட்டுப்போனது. நாய்களுக்கென்று சீமையில் சுட்ட பிஸ்கட். டப்பாவின் மேல் காதைத் தொங்கவிட்ட ஒரு நாயின் படம். திருச்சிக்காரன் ஞாயிற்றுக்கிழமை போய் அதைக் கொண்டுவந்தான். எங்கள் மூவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. ஆளுக்கு ஒன்றை மோந்து பார்த்தோம். தின்று பார்க்க யாரும் துணியவில்லை.

திங்கட்கிழமை சீட்டுக் குலுக்கினேன். முதல் சீட்டு அவன் பெயரில் வரும்படி பார்த்துக்கொண்டேன். ஜவுளிக் கடைக்காரர் மகன் தன் அங்கவஸ்திரத்தால் அவன் கண்ணைக் கட்டினான். வக்கீல் குமாஸ்தாவும் இன்னும் இரண்டு பேரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்.

முதலில் நெய் பிஸ்கட். மோந்தவுடனே சொல்லிவிட்டான். அடுத்தது வரிக்கி. அது உடைகிற சத்தத்திலேயே கண்டுகொண்டான். மூன்றாவது ஆரோரூட். அதை வாயில் போடவில்லை. விரலால் தடவிவிட்டு, "இத நான் தூக்கத்துலயும் சொல்வேன்" என்றான். குமாஸ்தா கைதட்டினார். இன்னும் ஒன்றுதான் பாக்கி என்று அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். நாற்காலி தன்னுடையது என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

நாலாவதை அவன் கையில் வைக்கும்போது நான் ஒரு வார்த்தை சொன்னேன். இது சீமைச் சரக்கு, பெரிய ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளுக்காகவே டாக்டர்கள் எழுதிக் கொடுப்பது என்றேன். யாரும் சொல்லச் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் நானாகச் சேர்த்தது.

அவன் அதை இரண்டு கண்ணிலும், கட்டின துணியின் மேலேயே, ஒற்றிக்கொண்டான். பிறகு கடித்தான். கல்லாக இருந்தது. கடைவாய்க்குக் கொண்டுபோய் உடைத்தான். காப்பியில் முக்கி, பொறுமையாக மென்றான். நாங்கள் மூவரும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தோம். இனிப்பு இல்லை என்றான். நோயாளிக்கு இனிப்பு ஆகாது, அதுதான் சரி என்றான். கோதுமையும் வேறு ஏதோவும் சேர்ந்திருக்கிறது, ஏமாற்றாமல் செய்திருக்கிறார்கள் என்றான். பெயர்தான் தெரியவில்லை. யோசிக்க அவகாசம் கேட்டான். கேட்டுவிட்டு, மிச்சமிருந்த பாதியைச் சட்டைப் பைக்குள் வைக்கப் போனான்.

"என்னடா பண்ற?" என்றேன்.

"ஆத்தாவுக்கு நாலு நாளா காய்ச்சல்னு கடுதாசி வந்துருக்கு. ஊர்க்காரரு நாளைக்கு வாராரு. குடுத்து விடுறேன்."

திருச்சிக்காரன் குரைத்தான். நன்றாகவே குரைப்பான். ஜவுளிக் கடைக்காரர் மகன் மேசையில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினான். நானும் சிரித்தேன். சிரிப்பு வந்தது, அடக்கவில்லை. குமாஸ்தா மட்டும் செய்தித்தாளை எடுத்துக்கொண்டார்.

அவன் தானே கட்டை அவிழ்த்தான். மேசைக்கு அடியிலிருந்து டப்பாவை எடுத்து அவன் முன்னால் வைத்தது நான். படத்தைப் பார்த்தான். கீழே இருந்த எழுத்தை நிதானமாகப் படித்தான். இங்கிலீஷ் எங்கள் நாலு பேரில் அவனுக்குத்தான் நன்றாக வரும். பைக்குள் போன பாதியை எடுத்து டப்பாவில் போட்டு மூடினான்.

"நாய்க்கு நல்லாத்தான் செஞ்சு குடுக்குறாங்க" என்றான். "வீணாக்காம எதுக்காவது போட்டுருங்க."

அவன் எழுந்தபோது, இது விளையாட்டுத்தானே, உட்காரடா என்று குமாஸ்தா சொன்னார். அவர் சொன்னதை நான் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு. பெயர் சொல்லவில்லையே, விதி விதிதான் என்றேன். அவன் தலையாட்டிவிட்டு, நாற்காலியை மேசைக்குள் தள்ளிவைத்துவிட்டுப் போனான்.

அவனுக்குப் பிறகு யாரும் கண்ணைக் கட்டிக்கொள்ளவில்லை. அடுத்த சீட்டில் என் பெயர் இருந்தது. காப்பி ஆறிவிட்டது என்று சொல்லி அதைக் கிழித்துப் போட்டேன்.

மறுநாள் வகுப்பில் கணக்குக் குறிப்பு வேண்டுமென்று அவனிடம் போய் நின்றேன். குறிப்பு எனக்கு வேண்டியதில்லை. அவன் நோட்டை எடுத்து நீட்டினான். "எடுத்துக்கங்க. மெதுவாக் குடுங்க, அவசரமில்லை" என்றான். இரண்டு வருஷமாக என்னை டா போட்டவன். நான் தமாஷாக ஏதோ சொல்லிப் பார்த்தேன். "சரிங்க" என்றான். அடித்திருந்தால் திருப்பி அடித்திருப்பேன், பிறகு காப்பி குடிக்கப் போயிருப்போம். இந்த 'ங்க'வை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் அவன் வகுப்புக்கு வரவில்லை. அத்தை வீட்டில் கேட்டேன். ஆத்தாவுக்கு முடியவில்லையென்று ஊருக்குப் போய்விட்டானாம். இன்றோடு ஒன்பது நாள். மூலை மேசையில் அந்த நாற்காலி தள்ளிவைத்தபடியே இருக்கிறது. திருச்சிக்காரன் அதன்மேல் புத்தகங்களை வைக்கிறான். பிஸ்கட் வழக்கை மறுபடி எடுக்கலாமா என்று நேற்று கேட்டான். இப்போது எதிர்வாதம் செய்ய ஆளில்லை, நான் சுலபமாக ஜெயித்துவிடுவேன்.

மறுபடியும் எனக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. என் யோசனைகளை இனி நான் நம்பலாமா என்பது வேறு விஷயம். நாளைக் காலை, பெட்ரோல் பஞ்சத்தால் கரியில் ஓடுகிற பஸ்ஸில் கந்தர்வகோட்டை போகிறேன். அங்கிருந்து ஏரிக்கரை வழியாக மூன்று மைல் நடை என்று அத்தை சொன்னாள். ஆரோரூட் பொட்டலம் ஒன்று ராவுத்தர் கடையில் வாங்கிவிட்டேன். பஸ்ஸில் யாருக்கு முடியல என்று கேட்பார்கள். என் கூட்டாளியோட ஆத்தாவுக்கு என்று சொல்வதாக இருக்கிறேன். கூட்டாளி என்று சொல்ல நாக்கு வருமா, பார்க்க வேண்டும்.

பொட்டலத்தோடு ஒரு துண்டும் எடுத்து வைத்திருக்கிறேன். அவன் வாசலில் உட்கார்ந்து, என் கண்ணைக் கட்டு, உனக்கு இஷ்டப்பட்டதைக் கொடு, புண்ணாக்கானாலும் தின்று பெயர் சொல்கிறேன் என்று கேட்கப் போகிறேன். அவன் மாட்டேன் என்பான். "வாங்க, கை கழுவுங்க" என்று சொல்லி இலை போடுவான். அதற்கு என்ன செய்வதென்று இன்னும் யோசிக்கவில்லை. மூன்று மைல் இருக்கிறது.