ஏரிக்கரையில் அத்தர் வாசனை

பிரெஞ்சுக்காரர் காலத்தில் பாகூர் ஏரிக்கரையில் பூங்கா போட ஓர் அதிகாரி வந்தார். வெள்ளைக் கால்சட்டை போட்டிருந்தாலும் ஆள் நம்மவர்தான். நிமிடத்துக்கொரு தரம் அத்தர் தடவிய கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்வார். பெரிய மனிதர்கள் மாலையில் காற்று வாங்க நடைபாதை வேண்டுமாம். கரையோரப் புதரையெல்லாம் வெட்டச் சொன்னார்.

பொழுது சாய்ந்தால் ஊர்ப் பெண்களுக்கு இருந்த ஒரே மறைவு அது. என் அத்தை அவரிடமே கேட்டாள்: "இன்னா தொரை, இத்த வெட்டிட்டா பொம்பளைங்க நாங்க எங்க ஒதுங்கறது?"

கைக்குட்டையை எடுக்காமலே சொன்னார்: "அந்த நாத்தம் போவத்தான் வெட்டறேன். எங்கனா போய்த் தொலைங்க."

பூங்கா வந்தது, பெஞ்சுகளும் வந்தன. அதன்பிறகு அத்தை பகலில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. எனக்கு இன்றைக்கும் அத்தர் வாசனை பட்டால் குமட்டுகிறது.