முன்கூட்டியே நன்றி

கூட்டம் முடியும் முன்பே அவள் கண் சுவரில் இருக்கும் பொத்தான்களுக்குப் போய்விடும். கல்லூரி அரங்கத்தில் எந்தப் பொத்தான் எந்த விசிறிக்கு என்பது அவளுக்குத்தான் தெரியும். கடைசி ஆள் வெளியேறியதும் எல்லாவற்றையும் அணைப்பாள். அவர் மசமசவென்று உட்கார்ந்திருந்தால் இருக்கும்போதே அணைப்பாள். "நாற்காலி அடுக்க வேணாமா? எந்திரிங்க சார்."

வணிக மேலாண்மை, கடைசி ஆண்டு. மாணவர் மன்றம் எதுவானாலும் அதில் அவள் உண்டு. தலைமையுரைக்கு அடிதடி நடக்கும், வரவேற்புரைக்குச் சிபாரிசு வரும். நன்றியுரைக்கு மட்டும் ஆள் கிடைக்காது. எல்லோரும் பசியோடு வாசலைப் பார்க்கிற நேரத்தில் யார் பேசுவது? முதலாண்டில் அவள் பேசினாள். அதுவே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. "நன்றியுரை எந்திரிச்சிட்டா, செருப்பத் தேடுங்கடி" என்பார்கள் தோழிகள்.

அந்த வேலையில் அவள் ஒரு வித்தை கண்டுபிடித்தாள். தரப்போகிறவருக்கு முன்கூட்டியே நன்றி சொல்லிவிடுவது. அரங்கத்துக்குப் புது விசிறிகள் வந்ததே அப்படித்தான். "விசிறி வாங்கித் தர முன்வந்த நம் கல்லூரி முதல்வர் அவர்களுக்கு" என்று அவள் தொடங்கியபோது, முன்வந்த செய்தி முதல்வருக்கே புதிது. கைதட்டல் எழுந்துவிட்டது. பிறகு என்ன செய்வார், பாவம்.

அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் நன்றி சொல்றே. உனக்கு எவனாவது வேலை தர்றேன்னானா?" படிப்பு முடிவதற்குள் வேலை கிடைக்காவிட்டால் சித்தப்பாவின் செருப்புக்கடையில் கல்லாவில் உட்கார வேண்டும் என்பது வீட்டுத் தீர்ப்பு. சித்தப்பா நாற்காலிக்குத் தலையணைகூடப் போட்டுவிட்டார். பார்க்கும்போதெல்லாம், "உக்காந்து பாரும்மா, பஞ்சு மாதிரி இருக்கு" என்பார்.

பயிற்சிக்கு அவளை ஒரு மெத்தை நிறுவனத்தில் சேர்த்துக்கொண்டார்கள். கூடவே டை கட்டிய வகுப்புத் தோழன் ஒருவன். முடிவில் ஒருவருக்குத்தான் வேலை. அவன் கணினியில் வண்ண வண்ணமாய் வரைபடம் போட்டான். அவள் முதல் வாரமே மாட்டிக்கொண்டாள். விற்பனை மேலாளரின் கூட்டம் இழுத்துக்கொண்டே போனது. தண்ணீர் குடிக்க அவர் பேச்சை நிறுத்தினார். பழகிய கால், எழுந்துவிட்டது. "இக்கூட்டம் இனிதே நடைபெற உதவிய..." அவள் நாக்கைக் கடித்துக்கொள்வதற்குள் எல்லோரும் கைதட்டிவிட்டுக் கலைந்தார்கள். தம்ளரும் கையுமாக மேலாளர் தனியே நின்றார். மறுநாள் நடைபாதையில் கணக்குப் பிரிவு அக்கா அவள் காதைக் கடித்தாள். "இன்னிக்கும் பேசிடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

நிறுவனத்தின் மெத்தைகளை விற்கும் கடைக்காரர்கள் கூட்டத்தில்தான் சிக்கல். தோழன் திரையில் விற்பனை வரைபடத்தைக் காட்டினான். முன்வரிசைப் பெரியவர் எழுந்தார். "படத்துல எல்லாம் மேல போகுது தம்பி. மெத்தை மட்டும் ஏன் நடுவுல கீழ போகுது?" அரங்கம் சிரித்தது. அப்புறம் சிரிப்பு போய்க் கூச்சல் வந்தது. தோழன் டையைத் தளர்த்தினான். மேலாளர் அவளைப் பார்த்தார்.

எழுந்தாள். "குழி விழுதுன்னு முகத்துக்கு நேரா சொன்ன ஐயாவுக்கு நன்றி. அந்தக் குழியில படுத்துக்கிட்டும் நம்மள நம்புற வாடிக்கையாளருக்கு நன்றி. குழி விழுந்த மெத்தைய எல்லாம் மாத்தித் தர்ற எங்க மேலாளருக்கும் நன்றி. சாப்பாடு தயார்."

கைதட்டல் காதைப் பிளந்தது. மேலாளரும் தட்டினார். என்னத்துக்குத் தட்டினோம் என்பது அவருக்குச் சோற்றில் கைவைத்த பிறகே உறைத்தது.

பயிற்சியின் கடைசி நாள், நேர்காணல். மேசைக்கு அந்தப் பக்கம் மேலாளர், ஆள் சேர்ப்பு அம்மாள், முதலாளியின் மருமகன். "மெத்தைய மாத்தியே என் பாதி முடி கொட்டிப்போச்சு" என்றார் மேலாளர்.

"அதுக்கப்புறம் ஒரு கடைக்காரர்கூட நம்மள விட்டுப் போகலையே சார்?"

"பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. சரி, பாத்துட்டுச் சொல்றோம்."

அப்படிச் சொன்னவர்கள் யாரும் பிறகு கூப்பிட்டுச் சொன்னதில்லை என்பது அவளுக்குத் தெரியும். சித்தப்பாவின் தலையணை கண்முன் வந்தது. எழுந்து நின்றாள்.

"என்னை வேலைக்கு எடுத்துக்கிட்ட உங்க மூணு பேருக்கும் மனமார்ந்த நன்றி."

ஆள் சேர்ப்பு அம்மாளின் கைகள் தாமாகத் தட்டின. மருமகனும் சேர்ந்துகொண்டார்.

"யம்மா, கைய நிறுத்துங்க! நாம இன்னும்..." என்று பதறிய மேலாளருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "போ, திங்கக்கிழமை வந்து சேரு. என் கூட்டத்துல மட்டும் வாயத் திறக்காதே."

தலையாட்டிவிட்டு வாசலுக்குப் போனாள். அவள் கை தானாகச் சுவருக்குப் போனது. விசிறி மெல்ல நின்றது. மூவரும் உள்ளேயேதான் உட்கார்ந்திருந்தார்கள்.