சூப்பர்வைசரின் காரைத் தள்ளியவர்கள்

என் முன்பல் ஒன்றில் பாதி இல்லை. மேல் வரிசையில், இடது பக்கம். குறுக்காக உடைந்த அந்த விளிம்பை நாக்கால் தொட்டுப் பார்ப்பது இத்தனை வருடங்களில் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. மகள் கிளினிக் ஒன்றில் வேலை பார்க்கிறாள். “அரை மணி நேரத்துல கட்டிரலாம்லா மா, ஏன் இப்படி அடம் புடிக்கிற?” என்று வாரம் ஒரு தடவையாவது கேட்டுவிடுவாள். எனக்கு ஊசி என்றால் பயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். பயமெல்லாம் இல்லை. வேண்டுமென்றேதான் அப்படியே வைத்திருக்கிறேன். பல்லைக் கட்டிக்கொண்டால் கோபமும் போய்விடுமோ என்ற யோசனைதான். மன்னித்தால் மனசு லேசாகும் என்று கோவில் சொற்பொழிவில் யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

கல்யாணத்துக்கு முன்னால் புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். ரேடியோவுக்குள் வைக்கிற சின்னச் சின்ன பாகங்களைப் பொருத்தும் வேலை. எங்கள் வரிசையில் இருந்தவர்கள் பெரும்பாலும் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள். எங்களுக்கு மேலே ஒரு சூப்பர்வைசர். அவரும் தோட்டத்திலிருந்து வந்தவர்தான். அவருடைய அம்மாவும் என் அம்மாவும் பக்கத்துப் பக்கத்து நிரையில் பால்மரம் வெட்டியவர்கள். ஆனால் ‘அண்ணே’ என்று கூப்பிட்டுவிட்டால் முகம் கோணிப் போகும். ‘சார்’ என்றுதான் சொல்ல வேண்டும். மேனேஜர் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர், எங்களிடம் வந்தால் ‘வாடி போடி’தான். கழிவறைக்குப் போனால் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்பார்.

அவரிடம் வெளிர்நீல நிறத்தில் ஒரு பழைய கார் இருந்தது. அதன் ஸ்டார்ட்டர் கெட்டுக்கொண்டே வந்தது. சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வரும், இன்ஜின் அசையாது. காலையில் அவர் வீட்டுப் பக்கத்தில் யார் தள்ளிவிட்டார்களோ தெரியாது. மூன்று மணிக்கு வேலை முடிந்தால் தள்ளுவது நாங்கள். தொழிற்சாலை வாசலில் காவலுக்கு இருக்கும் ஜாகா உட்காரும் கூண்டிலிருந்து பெரிய சாலை வரைக்கும் இறக்கம். சூப்பர்வைசர் உள்ளே ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்பி வைத்து, கிளட்ச்சை மிதித்து இரண்டாவது கியரில் போட்டுக்கொள்வார். நாங்கள் ஐந்தாறு பேர் பின்னாலிருந்து தள்ளுவோம். வேகம் பிடித்ததும் கிளட்ச்சைப் பட்டென்று விடுவார். கார் ஒரு கணம் இழுத்துப் பிடித்த மாதிரி நின்று, குலுங்கி, புகையைக் கக்கிக்கொண்டு பாயும். அந்தப் புகை முழுக்க எங்கள் முகத்துக்கு. ஸ்டார்ட்டரை மாற்றிவிடலாமே என்று ஜாகா ஒரு நாள் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை நாங்கள் எல்லோரும் கேட்டோம். “இத்தன பொம்பளைங்க இருக்கும்போது எனக்கு எதுக்குலா புது ஸ்டார்ட்டர்?”

எனக்கு இருபத்திரண்டு வயது. அலோர் காஜாவிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா. வெளியே சொல்லாத விஷயம் ஒன்று உண்டு: அவரை எனக்கு முன்பே தெரியும். இரண்டு வருடமாக ஒரே பஸ்ஸில் போய் வந்தவர்கள் நாங்கள். பேசியதில்லை, பார்த்துச் சிரித்துக்கொள்வதோடு சரி. அவர்தான் வீட்டில் சொல்லி, பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு செய்திருந்தார். அந்த ஞாயிறு நல்லபடியாக முடிய வேண்டும் என்பதைத் தவிர அந்த வாரம் முழுக்க என் தலையில் வேறு நினைப்பே இல்லை.

வியாழக்கிழமை மழை பெய்து விட்டிருந்தது. காரைத் தள்ள நான்கு பேர்தான் அகப்பட்டோம். சாலை வழுக்கியது. எனக்கு நடுவில் இடம். எம்பித் தள்ளிக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் கிளட்ச்சை விட்டார். கார் சட்டென்று நிற்க, என் வாய் பின்பக்கம் சாமான் வைக்கும் பூட்டின் விளிம்பில் போய் இடித்தது. அடுத்த நொடி கார் பாய்ந்துவிட்டது. பிடிமானம் போய் நான் சாலையில் விழுந்தேன். கையை எடுத்துப் பார்த்தால் இரத்தமும் அரைப் பல்லும். ஜாகா கூண்டிலிருந்து ஓடிவந்து, “சார்! நிப்பாட்டுங்க சார்!” என்று கத்தினார். ஜன்னல் வழியாக ஒரு கை வெளியே வந்து ஆடியது. “நிப்பாட்டுனா காடி செத்துரும்!” என்று சொல்லிக்கொண்டே அவர் போய்விட்டார். மறுநாள் வீங்கிய வாயோடு நான் போனபோது, “விழுந்துட்டியாமே? நான் பாக்கவே இல்லையே, முன்னாடி பாத்துத்தானே ஓட்டணும்,” என்றார். அன்றைக்கும் மூன்று மணிக்குக் கார் தள்ளப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். வீங்கிய உதட்டைப் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா விசாரித்தார். என் அம்மா ஏதோ சொல்லிச் சமாளித்தார். நான் வாயைத் திறக்கவே இல்லை. பேர் கேட்டதற்குக்கூட அம்மாதான் பதில் சொன்னார். மாப்பிள்ளை மட்டும் பஸ்ஸில் சிரிப்பது மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தார். பதிலுக்குச் சிரிக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. அந்த ஒரு நொடி போதுமாக இருந்தது. பெண் பார்க்கப் போகிற வாரத்திலேயே முன்பல் உடைந்தது நல்ல சகுனம் இல்லை என்று இரண்டு நாள் கழித்துச் சொல்லியனுப்பினார்கள். அவர் அதன் பிறகு வேறு பஸ்ஸில் போக ஆரம்பித்தார். பின்னால் நான் கட்டிக்கொண்டவர் நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் என் சிரிப்பை நானே கையால் மூடிக்கொண்ட அந்த இருபத்திரண்டு வயதுக்கு யார் பதில் சொல்வது?

எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. அலோர் காஜாவில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்தேன். கார் கிடையாது, வாங்கும் யோசனையும் இல்லை. காரின் உள்ளே உட்காரும் ஆளாக ஒரு முறையாவது இருந்துவிட வேண்டும் என்ற வெறி. என்ன செய்யப்போகிறேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு சின்ன அம்மன் கோவில் உண்டு. ஆயுத பூஜைக்கு எங்கள் ஆட்கள் எல்லோரும் வண்டிகளைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்துவார்கள். அந்த வருடம் சூப்பர்வைசர் கோவில் கமிட்டித் தலைவர். அதனால் அவருடைய கார்தான் முதலில். பட்டு வேட்டி, தோளில் துண்டு, கழுவித் துடைத்த கார். வாசலுக்கு வந்ததும் ஐயர், “இன்ஜினை அணைங்கோ,” என்றார். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க பூஜை செய்யும் வழக்கம் இல்லை. பின்னால் இருபது வண்டிகள், சுற்றிலும் ஊரே நிற்கிறது. தன் கார் அணைத்தால் கிளம்பாது என்று தலைவர் எப்படிச் சொல்வார்? அணைத்துவிட்டார். சந்தனம், குங்குமம், சூடம் எல்லாம் ஆயிற்று. நான்கு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். இனி கார் அதன்மேல் ஏறி நசுக்கிக்கொண்டு போக வேண்டும். சாவியைத் திருப்பினார். டிக். மறுபடியும் திருப்பினார். டிக்.

கோவில் வாசலில் அந்தச் சத்தம் எவ்வளவு நன்றாகக் கேட்டது என்பதை இன்றும் என்னால் ரசிக்க முடிகிறது. அவர் தலையை வெளியே நீட்டி, “ஏய், வாங்கடி, கொஞ்சம் தள்ளுங்க,” என்றார். ஒருத்தியும் அசையவில்லை. ஆண்களும்தான் நின்றார்கள். அவர்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு நாள் அந்தக் காரைத் தள்ளியவர்கள். எல்லோருக்கும் திடீரென்று வானத்தில் ஏதோ பார்க்க வேண்டியிருந்தது. நான் முன்னால் போனேன்.

“எல்லாரும் பட்டுப் பொடவையில இருக்கோம் சார். நீங்க எறங்கித் தள்ளுங்க, நான் ஸ்டியரிங் புடிக்கிறேன். எறக்கம்தானே.”

“ஒனக்கு ஓட்டத் தெரியுமா?”

“லைசென்ஸ் இருக்கு சார்.”

பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள். வேறு வழியில்லாமல் இறங்கினார். நான் ஏறி உட்கார்ந்து இரண்டாவது கியரில் போட்டுக் கிளட்ச்சை மிதித்துக்கொண்டேன். அவர் குனிந்து தள்ளினார். எலுமிச்சம்பழங்கள் ஒவ்வொன்றாக நசுங்குவது எனக்குக் கேட்டது. இறக்கத்தில் வேகம் பிடித்ததும் கிளட்ச்சை விட்டேன். கார் குலுங்கிப் பாய்ந்தது. பின்னால் புகைக்குள் அவர், அவிழ்ந்த வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, “நிப்பாட்டு! ஏய், நிப்பாட்டு!” என்று ஓடிவந்தார். நான் கையை வெளியே நீட்டி ஆட்டினேன். “நிப்பாட்டுனா செத்துரும் சார்!” ஒரு பெரிய சுற்றுச் சுற்றி, தொழிற்சாலை வாசலில் நான் விழுந்த அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, சாவியை ஜாகாவிடம் கொடுத்தேன். தலைவர் வெயிலில் வெறுங்காலோடு நடந்து வந்து எடுத்துக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அடுத்த வாரமே என்னைப் பிளாஸ்டிக் உருக்கும் பகுதிக்கு மாற்றினார். நான் வேலையை விட்டேன். அந்த எலுமிச்சம்பழச் சத்தத்தை நினைத்துக்கொண்டே ஒரு வருடம் நிம்மதியாகத் தூங்கினேன்.

அதற்கப்புறம் தூக்கம் பழையபடி கெட்டுவிட்டது. அவர் ஒருவேளை உண்மையிலேயே என்னைப் பார்க்காமல் போயிருந்தால்? முன்னால் பார்த்துத்தானே ஓட்ட வேண்டும், அது நியாயம்தானே? இந்தச் சந்தேகம் ஒன்றுதான் அவருக்காக என்னிடம் மிச்சமிருந்தது. அதற்காகவாவது விட்டுவிடலாமா என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

போன மாதம் தெங்கேராவில் ஒரு கடைக்குப் போய்விட்டு வந்தேன். என் காருக்கு முன்னால் நின்ற காரின் உள்ளே ஒரு பெரியவர் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார். டிக். டிக். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அந்தச் சத்தத்தில் எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. அவரேதான். தலை முழுக்க நரைத்து, கழுத்து வற்றிப்போயிருந்தது. என்னை அவருக்கும் தெரிந்தது. “ஏம்மா, நீயா! என் வேட்டிய அவுக்க வச்சவல்லா நீ!” என்று சிரித்தார். ஆட்டோ கியர் கார். தள்ளியும் கிளப்ப முடியாது. வொர்க்‌ஷாப்புக்கு போன் போட்டால் எடுக்கவில்லையாம்.

என் முதல் காருக்கும் இதே நோய் இருந்தது. ஒருவர் சாவியைத் திருப்பும்போது இன்னொருவர் ஸ்டார்ட்டரின் உடம்பில் இரும்புக் கம்பியால் நான்கு தட்டுத் தட்டினால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். அந்தக் கம்பி இன்னும் என் காரின் பூட்டில்தான் கிடக்கிறது. “தட்டிப் பாக்கிறேன் சார்,” என்று எடுத்து வந்தேன். அவர் பானெட்டைத் திறந்துவிட்டார். வயதான மனிதர், வெயில். தட்டிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். குனிவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று கேட்டேன்.

“என் பல்லு ஒடஞ்சது ஞாபகம் இருக்கா சார்?”

சிரிப்பு நின்றது. உதவி செய்ய வந்தவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் நல்லது என்று நினைத்தாரோ என்னவோ, குரல் தாழ்ந்தது.

“பாக்கலன்னு சொன்னேன்ல, அது பொய்ம்மா. கண்ணாடியில பாத்தேன். வாயப் பொத்திக்கிட்டு ரோட்டுல உக்காந்திருந்த. நிப்பாட்டியிருக்கலாம். அப்ப ஒரு திமிரு. விட்டுரும்மா, எல்லாம் பழைய கதைலா.”

கம்பியைக் கொண்டுபோய் என் பூட்டில் வைத்து மூடினேன். “தட்டுறேன்னு சொன்னியேம்மா?” என்று பின்னாலிருந்து கேட்டார். “வொர்க்‌ஷாப்புக்கு மறுபடியும் போன் பண்ணிப் பாருங்க சார்,” என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். என் கார் ஒரே திருப்பில் கிளம்பியது.

சாலையில் ஏறியதும் நாக்கு தானாகப் போய் அந்த உடைந்த பல்லைத் தொட்டது. தலையைத் தூக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். திறந்த பானெட்டுக்குப் பக்கத்தில், வெயிலுக்குக் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு, நான் போவதையே பார்த்தபடி நின்றார். எல்லாமே தெளிவாகத்தான் தெரிந்தது. நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை.